இரண்டு வயரில் ஓடும் பேச்சு
லாரிக்குள் ஒரு கணினி – 6

சாத்தங்காடு இரும்பு அங்காடிக்குச் சுருள் ஏற்றி வரும் டிரெய்லரானாலும், மணலி எண்ணெய் ஆலைப் பகுதியில் லோடு பிடிக்கும் டேங்கரானாலும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக இறங்கிய டீசல் வண்டி என்றால் அது பி.எஸ். 6. எஞ்சினுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று. புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சாருக்குக்கூடச் சொந்தமாக ஒரு சிப் உண்டு. இவை என்னென்ன அளக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அளந்ததை ஒன்றுக்கொன்று எப்படிச் சொல்லிக்கொள்கின்றன?

முறுக்கிய இரண்டே வயர் வழியாக. அதன் பெயர் கேன் பஸ். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் வேலையைத் தொடங்கி, 1986-இல் டெட்ராய்ட் நகரில் இதை அறிமுகப்படுத்தியது. சென்சாருக்குச் சென்சார் தனி வயர் இழுத்தால் வண்டி தாங்காது என்பதுதான் காரணம்.

இந்த வயரில் முதலாளி கிடையாது. சும்மா இருக்கும்போது எந்தப் பெட்டியும் பேசலாம். இரண்டு ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் என்ன ஆகும்? பழைய டவுன் பஸ்ஸின் மணிக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இழுத்தால் மணி அடிக்கும். மற்ற ஐம்பது பேர் இழுக்காமல் இருப்பது அதைத் தடுக்காது. கேன் வயரில் 0 என்பது இழுப்பது, 1 என்பது சும்மா விடுவது.

லாரிகளுக்கான ஜே1939 விதிப்படி, செய்தி எண்ணின் முதல் மூன்று பிட்டுகள் அவசரத்தைச் சொல்லும். எஞ்சின் சுழற்சி வேகத்துக்கு 3, அதாவது 011. டேங்க்கில் உள்ள டீசல் அளவுக்கு 6, அதாவது 110. இரண்டும் மோதினால் முதல் பிட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும். டீசல் செய்தியை அனுப்பும் பெட்டி 1 என்று விட்டது; வயரிலோ 0 கேட்கிறது. உடனே ஒதுங்கிக்கொள்ளும். எஞ்சின் செய்தி ஒரு பிட்கூடச் சிதையாமல் போய்ச் சேரும். நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஒரு முழுச் செய்திக்கு அரை மில்லிநொடியைவிடச் சற்று அதிகம். அதன் பிறகு டீசல் செய்தி மறுபடி முயலும்.

கேட்கும் பக்கத்தில்தான் மைக்ரோகன்ட்ரோலரின் சாமர்த்தியம். செய்தியில் பெறுநர் யார் என்று பெரும்பாலும் இருக்காது. எல்லோருக்கும் எல்லாமே கேட்கும். சிப்புக்குள் இருக்கும் கேன் பகுதி பிட்டுகளைச் சேர்த்து, 15 பிட் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, தனக்கு வேண்டாத எண்களை வடிகட்டித் தள்ளிவிடும். வேண்டியது வந்தால் மட்டும் பிராசஸரைத் தட்டும். அது கையிலுள்ள வேலையை நிறுத்தி, செய்தியை நினைவகத்தில் பிரதி எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடக் கூடாது. எஸ்.டி.எம். 32 வகைச் சிப்கள் பலவற்றில், வரும் செய்திகளுக்கான ஒவ்வொரு வரிசையிலும் மூன்றுக்குத்தான் இடம். தாமதித்தால் ஒன்று தொலையும்.

கணக்கு நிதானமாகப் பிறகு நடக்கும். எஞ்சின் செய்தியின் நான்காவது, ஐந்தாவது பைட்டுகள் 64, 31 என்றால், 31-ஐ 256-ஆல் பெருக்கி 64-ஐக் கூட்ட 8,000. அதன் எட்டில் ஒரு பங்கு 1,000. முள் 1,000 சுற்றில் நிற்கும்.

பழுதான பெட்டி ஓயாமல் உளறினால் வயரே முடங்கிவிடாதா? அதற்கும் ஏற்பாடு உண்டு. அனுப்பியதில் தவறு நேர்ந்தால் அந்தப் பெட்டி தன் கணக்கில் 8 ஏற்றிக்கொள்ளும்; சரியாகப் போனால் 1 இறக்கும். 255-ஐத் தாண்டினால் தன்னைத்தானே வயரிலிருந்து துண்டித்துக்கொள்ளும்.

இங்கேதான் மணலி மெக்கானிக்குகளுக்கும் வண்டி உரிமையாளர்களுக்கும் ஒரு சேதி. ஸ்கேனரில் ‘தொடர்பு இல்லை’ என்று வந்தால் பெட்டி போய்விட்டது என்று அர்த்தமில்லை. கடற்காற்றில் கனெக்டர் முனை பச்சை பூத்திருந்தாலும் இதே அறிகுறிதான். கேன் வயரின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, டயக்னோஸ்டிக் கனெக்டரின் இரண்டு கேன் முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். ஏறக்குறைய 60 ஓம் காட்டினால் ரெசிஸ்டர்கள் இரண்டும் இருக்கின்றன. 120 என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: யூரியா தீர்ந்தால் எஞ்சின் ஏன் இழுவையைக் குறைத்துக்கொள்கிறது?