மருத்துவர் பதிவேடு – ஓர் அமானிதம்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறது. இந்நான்கனுள் மருத்துவரின் தகுதியை ஆராய்ந்து உறுதிசெய்பவர் யார் என்னும் வினா நம்முள் எழுகிறது. நோயுற்றவர் தம் உயிரையே மருத்துவரிடம் ஒப்படைக்கிறார். ஆயினும் அம்மருத்துவரின் கல்வியை அளந்தறியும் ஆற்றல் அவருக்கு இல்லை. எனவே அப்பொறுப்பைச் சமூகம் ஏற்கவேண்டியதாகிறது.

பாக்தாதில் நடந்த தேர்வு

கி.பி. 931இல் பாக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் உயிரிழந்தார். அதனை அறிந்த கலீஃபா அல்முக்ததிர், தேர்வு பெறாத எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என ஆணையிட்டு, தேர்வு நடத்தும் பொறுப்பை ஸினான் இப்னு ஸாபித் என்னும் மருத்துவரிடம் அளித்தார். 860க்கும் மேற்பட்டோர் அத்தேர்வுக்கு உட்பட்டதாக அரபு வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நம் நாட்டில்

இதே நோக்கத்துடன் சென்னை மாகாணத்தில் 1914இல் மருத்துவர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவக் கல்வியின் தரத்தை நாடெங்கும் ஒருமைப்படுத்த 1933ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய மருத்துவக் கவுன்சிலைத் தோற்றுவித்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது. எனினும் காவலரையும் காக்க வேண்டும் என்பதற்கு அக்கவுன்சிலே சான்றாயிற்று. ஊழல் குற்றச்சாட்டுகள் எழுந்த நிலையில் 2010இல் நடுவணரசு அதனைக் கலைத்தது. அதன் செயற்பாட்டை 2016இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் குறைகூறியது. முடிவில், 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்தைப் பெற்றது. இளநிலைக் கல்வி, முதுநிலைக் கல்வி, கல்லூரிகளை மதிப்பிடுதல், ஒழுக்கநெறியும் பதிவும் என நான்கு துறைகளுக்கு நான்கு வாரியங்கள் அதன்கீழ் இயங்குகின்றன. சித்த மருத்துவம், யூனானி முதலியவற்றுக்குத் தனி அமைப்புகள் உண்டு.

பட்டமும் பதிவும்

எம்.பி.பி.எஸ். பயில்வோர் நான்கரை ஆண்டுகள் கற்று, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முடிக்கவேண்டும். ஆயினும் பட்டம் மட்டும் போதாது. பதிவேட்டில் பெயர் ஏறிய பின்னரே மருத்துவம் பார்க்கும் உரிமை பிறக்கிறது. பதிவின்றி மருத்துவம் பார்ப்போர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

பதிவுபெற்றவர் நெறி தவறினால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் நாம் முறையிடலாம். அது விசாரித்து, எச்சரிக்கவோ பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவோ செய்யலாம். அம்முடிவை எதிர்த்து மருத்துவர் தேசிய வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். ஆக, நீதி இரு தரப்பினருக்கும் உரியதாகிறது.

நம் கடமை

2002ஆம் ஆண்டு ஒழுக்கநெறி விதிகளின்படி, மருத்துவர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் மருத்துவமனையிலும் காட்டவேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தரவேண்டும். அவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு எனப் பெரியவர்கள் பலர் தயங்குகின்றனர். அத்தயக்கமே போலி மருத்துவருக்குப் பெருந்துணையாகிறது. நேர்மையான மருத்துவருக்கோ அவ்வெண் பெருமையே ஆகும்.

மருத்துவர் பதிவேடு மக்கள் உயிரைக் காக்கும் ஓர் அமானிதம். அதனைப் பேணுவது ஆணையத்தின் கடமை. அதனைக் கேட்டறிவது நம் கடமை. நாளை மருத்துவராகப்போகும் நம் மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக!