கூரை விழுந்த குகையில் குளிக்கப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பத்துமலையில் 272 படி ஏறி, பெரிய குகையைக் கடந்து, பின்னால் இன்னும் கொஞ்சம் படி ஏறினால் ஒரு சிறு சன்னதி இருக்கிறது. அங்கே நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரை இருக்காது. நாலாபுறமும் பாறைச்சுவர், மேலே வானம், விளிம்பில் தொங்கும் செடிகொடிகள். மழை பெய்தால் குகைக்குள் நின்றபடியே நனைவோம். வெளிச்சத்துக்காக யாரும் அதை வெட்டித் திறக்கவில்லை. ஒரு காலத்தில் அங்கே கூரை இருந்தது, பிறகு விழுந்துவிட்டது.

அந்தக் குகை மேட்டில் இருப்பதால் தரை காய்ந்து கிடக்கிறது. அதே குகை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்து, பிறகு கூரை விழுந்திருந்தால், குளத்தில் மிதந்துகொண்டேதான் அந்த வானத்தைப் பார்த்திருப்போம். மெக்சிகோவுக்குப் போகும் நம்மவர்கள் படம் எடுத்து அனுப்புகிறார்களே, நீலத் தண்ணீரும் தொங்கும் வேர்களுமாக ஒரு பள்ளம், அது இதுதான். அதன் பெயர் செனோட்டே. அரைநாள் டூர், ஒரு கைடு, ஒரு லைஃப் ஜாக்கெட், இரண்டு மூன்று பள்ளங்களில் நீச்சல் என்று அங்கே அது பெரிய தொழில். போக நினைப்பவர்களும் போகாமலே தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் அறிய வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

பள்ளம் எப்படி உண்டாகிறது?

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. குடித்தால் நமக்குத் தெரியாத அளவு புளிப்பு அது. ஆனால் சுண்ணாம்புப் பாறைக்குத் தெரியும். வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. மயிரிழை போன்ற விரிசல் பல்லாயிரம் ஆண்டுகளில் குழாயாகிறது, குழாய் குகையாகிறது. குகைக்குள் நீர் நிறைந்திருக்கும் வரை அந்த நீரும் கூரைக்கு ஓரளவு முட்டுக்கொடுக்கிறது. நீர்மட்டம் இறங்கியதும் அந்த முட்டு போய்விடுகிறது. கூரை மெலிந்து மெலிந்து ஒருநாள் விழுகிறது. அப்படி உண்டாகும் குழி வறண்டு கிடந்தால் பள்ளம், நீர்மட்டத்தைத் தொட்டால் குளம்.

மெக்சிகோவில் ஏன் இத்தனை?

யுகாத்தான் தீபகற்பம் பெரும்பாலும் தட்டையான சுண்ணாம்பு நிலம். வடக்குப் பகுதியில் சொல்லிக்கொள்ளும்படி ஆறே கிடையாது. பெய்யும் மழை எல்லாம் பாறைக்குள் இறங்கி அடியில்தான் ஓடுகிறது. அதனால் மாயா மக்களுக்குக் குளமும் கிணறும் கோயிலும் இந்தப் பள்ளங்களே. செனோட்டே என்ற சொல்லும் அவர்கள் மொழியில் இருந்து ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டது. சிச்சேன் இட்சா நகரத்தில் இருக்கும் புனிதப் பள்ளத்தில் மழைத்தெய்வத்துக்காக நகைகளையும், சில வேளைகளில் மனிதர்களையும் கூடப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு விந்தையும் உண்டு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்த விண்கல் விழுந்தது இந்தப் பகுதியில்தான். அந்தச் சிக்சுலூப் பள்ளம் பிற்காலப் பாறைக்கு அடியில் புதைந்துவிட்டது. ஆனால் அதன் விளிம்புக்கு மேலே செனோட்டேகள் அரைவட்டமாக வரிசைகட்டி நிற்கின்றன. பள்ளங்களுக்கு அடியில் நீர் நிறைந்த குகைகள் ஒன்றோடொன்று இணைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. 2018இல் இரண்டு குகைத்தொடர்கள் ஒன்றே என்று முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தபோது, சாக் ஆக்டுன் என்ற அந்தத் தொடரின் நீளம் சுமார் 347 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தார் இதை அறிவார்கள்

மெக்சிகோ வரை போகாமல் இதைத் தமிழிலேயே புரிந்துகொள்ளலாம். பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் பலர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியேறினார்கள். ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோயில் அவர்கள் எழுப்பியது. அந்தக் குடும்பங்களில் வயதானவர்கள் இருந்தால் நிலாவரைக் கிணற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'அடி தெரியாத கிணறு' என்பார்கள். இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்ற கதையும் கூடவே வரும்.

யாழ்ப்பாணக் குடாநாடும் யுகாத்தானைப் போலவே தட்டையான சுண்ணாம்பு நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கேயும் இல்லை. கிணறுதான் வாழ்க்கை. புத்தூர்ப் பக்கம் இருக்கும் நிலாவரை, மனிதர் தோண்டிய கிணறு அல்ல. பாறை கரைந்து கூரை விழுந்த பள்ளம். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. காரணம் எளிது. கடல்நீர் பாறை வெடிப்புகள் வழியே அடியில் உள்ளே வருகிறது. மழைநீர் எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. மெக்சிகோவில் கடலோரப் பள்ளங்களில் முக்குளிப்பவர்கள், இந்த இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில் கண் மங்குவதுபோல் தண்ணீர் கலங்கித் தெரியும் என்று வியந்து சொல்வதும் இதைத்தான்.

நிலாவரை பார்க்கும் இடம், குளிக்கும் இடம் அல்ல. குளிக்க வேண்டுமென்றால் கீரிமலைக்குப் போக வேண்டும். அது இடிந்த பள்ளம் இல்லை, ஊற்று. அதே சுண்ணாம்புப் பாறைக்குள் வரும் நிலத்தடி நீர் கடலோரத்தில் வெளியே கசிகிறது. அதைக் கேணி கட்டிப் பிடித்திருக்கிறார்கள். கேணிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி, பக்கத்தில் நகுலேஸ்வரம் கோயில். ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தவர்கள் முழுகிப் பிதிர்க்கடன் செய்வது அங்கேதான். செனோட்டே டூரில் கிடைக்கும் குளிர்ச்சியும் வியப்பும் இங்கேயும் கிடைக்கும். கூடவே ஊர்ப்பேச்சும் கிடைக்கும்.

நம் காலடியில் இருப்பது

கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும் சுண்ணாம்புப் பாறைதான். 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய பாறை. பத்துமலையில் அது குன்றாக நிற்கிறது. நகரத்துக்குள் அது மண்ணுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. மறைந்திருக்கும் பாறையின் மேல்பரப்பு சமதளமும் இல்லை. ஓரிடத்தில் ஊசிபோல நிமிர்ந்திருக்கும், பத்தடி தள்ளிப் பாதாளமாக இறங்கும். இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தில் ஒரு பக்கம் இந்தப் பாறை, மறுபக்கம் மெத்தென்ற மண் என்று தெரியவந்ததும், கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். அதற்குப் பிறகும் அடித்தளத்தை 100 மீட்டருக்கு மேல் இறக்க வேண்டியிருந்தது. 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் வெள்ளச் சுரங்கமும் இதே பாறையைக் குடைந்துதான் போகிறது.

இந்தப் பகுதிகளில் ஒரு குழி திறந்தால் அது குளிக்கும் குளமாக இருக்காது. பாறைக் கூரை விழுவதைவிட இங்கே அதிகம் நடப்பது வேறு. மேலே இருக்கும் மண், பாறையின் பொந்துக்குள் மெல்ல மெல்ல வடிந்து போய்விடும். மேலே தார்ச்சாலை மட்டும் அப்பளம் போல நிற்கும். நிலத்தடி நீரை அதிகமாக இறைப்பது, அடியில் குழாய் ஒழுகுவது, பக்கத்தில் ஆழமாகத் தோண்டுவது இவையெல்லாம் அதை விரைவுபடுத்தும். குழாய் ஒழுகி மண்ணை அரித்தால் சுண்ணாம்புப் பாறை இல்லாத இடத்தில்கூடத் தரை விழும். 2024 ஆகஸ்ட் 23 அன்று மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திறந்து, இந்தியாவில் இருந்து வந்திருந்த ஒரு பெண் பயணி உள்ளே விழுந்தார். அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்களில் ஒன்பது நாள் தேடினார்கள். அவர் கிடைக்கவில்லை.

கிள்ளான் வாசகர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் கடலோரக் களிமண் நிலம். அங்கே கவலை வேறு, வெள்ளம். பத்துமலைப் பக்கமும் நகர மையத்திலும் இருப்பவர்கள்தான் சாலையில் புதிதாக ஒரு தாழ்வோ வளையமான விரிசலோ தெரிந்தால் நகராண்மைக்குச் சொல்ல வேண்டும்.

டூர் போனால் கவனிக்க வேண்டியவை

மெக்சிகோவில் கான்கூன், துலூம், வயதோலித் போன்ற ஊர்களில் இருந்து அரைநாள் டூர்கள் கிளம்புகின்றன. கோலாலம்பூரில் இருந்து நேரடி விமானம் இல்லை என்பதால் வேறு பயணத்தோடு சேர்த்துக்கொள்வதே நல்லது. செனோட்டே மூன்று வகை. முழுவதும் திறந்த குளம், பாதி கூரை உள்ளது, ஓட்டை வழியே ஏணியில் இறங்கும் குகை. இருட்டும் இடுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் ஆண்டு முழுவதும் சுமார் 25 டிகிரி. நம் ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு முதல் இறக்கத்தில் சில்லென்று இருக்கும்.

இறங்குமுன் குளிக்கச் சொல்வார்கள். சன் கிரீம், கொசு மருந்து, தலையெண்ணெய் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நமக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் அது ஓடிப்போகும் ஆறு இல்லை, ஊரே குடிக்கும் நிலத்தடி நீரின் வாய். தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளையும் தொடக் கூடாது. கைப்பிசுக்கு ஒட்டிய இடத்தில் அது வளர்வது நின்றுபோகும்.

நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். இந்தப் பள்ளங்கள் பலவற்றில் கால் ஊன்றுவதற்குக் கரைச்சரிவு கிடையாது. சுவர் செங்குத்தாக இறங்கும். தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். கூரைக்கு அடியில் போகும் வழிகளில் பகல் வெளிச்சம் தெரியும் தூரத்தோடு நின்றுவிடுவது விதி. அதைத் தாண்டிப் போவது தனிப் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்களின் வேலை. எங்கே பாறை மெல்லியது, எங்கே நீரோட்டம் இழுக்கும், நேற்று பெய்த மழைக்கு இன்று எது மூடிக்கிடக்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். கைடுக்குக் கொடுக்கும் காசு அதற்காக.

பக்கத்திலேயே ஒன்று வேண்டுமா?

கோலாலம்பூரில் இருந்து வடக்கே இரண்டு மணி நேரம் போனால், பேராவில் கோப்பேங் அருகே குவா தெம்புரோங் இருக்கிறது. பெயருக்குப் பொருள் சிரட்டைக் குகை. உள்ளே கூரை சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். நடைபாதையிலேயே போய்த் திரும்பும் உலர்ந்த டூரும், கைடோடு ஆற்றில் தவழ்ந்து நனையும் டூரும் உண்டு. செனோட்டே மாதிரி நீந்த முடியாது. ஆனால் பாறையும் தண்ணீரும் சேர்ந்து குகை வெட்டுவதை நேரில் பார்க்கலாம். மலையில் மழை பெய்திருந்தால் ஆற்றுவழியை மூடிவிடுவார்கள். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்குக்கு அஞ்சித்தான் அப்படிச் செய்கிறார்கள். அன்று சண்டை போடாமல் உலர்ந்த டூரோடு திரும்புங்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் நேராகப் பத்துமலை. வானம் தெரியும் அந்தக் குகைக்கு டிக்கெட் இல்லை.

கடைசியாக ஒன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் நீலமாகத் தெளிந்து தெரியும் குளங்கள் பலவும் செனோட்டே அல்ல, பழைய ஈயக்குட்டைகள். சன்வேயும் மைன்ஸும் பூங்காவாகவும் ஏரியாகவும் மாறிவிட்டன. மற்றவை அப்படியே கிடக்கின்றன. கரை நொறுங்கும், இரண்டாம் அடியில் தரை இருக்காது, காப்பாற்ற ஆளும் இருக்காது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அங்கே போவதாகச் சொன்னால், செனோட்டே படங்களைக் காட்டி ஆசையைத் தீர்த்துவையுங்கள். குட்டைக்கு மட்டும் விடாதீர்கள்.