கவிழ்த்து வைத்த சீட்டு

பேராதனைப் பல்கலைக்கழக விடுதிகளிலும் கண்டிப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் முந்நூற்றிநாலு என்றால் விளக்கம் தேவையில்லை. அறியாதவர்களுக்காக: 32 சீட்டு, நால்வர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கும் சேர்ந்து 304. முதல் நான்கு சீட்டைப் பார்த்து, எத்தனை புள்ளி எடுப்போம் என்று 160இலிருந்து கேட்பார்கள். கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் ஒரு சீட்டை, கவிழ்த்து வைத்த பிறகே மிச்ச நான்கு வரும். துரும்பு மூடியிருக்கும்வரை, கையில் இருப்பதைவிட, இருப்பதாக மற்றவர்கள் நினைப்பதே பெரிது என்பது என் கருத்து.

எதிர்ச்சோடியில் ஒருவர் கிளாவர் ஜாக்கை இறக்குகிறார். கேட்டவரிடம் கிளாவர் இல்லை. ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். வெட்டினாரா, சும்மா கழித்தாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வெட்டினால் துரும்பு வெளிப்பட்டுவிடும் என்பதால் வெட்டாமல் விடவும் நியாயம் உண்டு. அடுத்தவர் கையில் கிளாவர் ஒன்பதும் ஏழும். தன் சோடியின் ஜாக் தப்பும் என்று நம்பினால் ஒன்பதைப் போடுவார், சந்தேகித்தால் ஏழை. அந்த நேரத்தில் அவருக்குத் துணை, கேட்டவரின் பழைய ஆட்டங்கள்தான். ஜாக்கைக் கண்டால் விடமாட்டார் என்று பெயரெடுத்தவருக்கு ஏழுதான் கிடைக்கும். துரும்பைப் பொத்தி வைப்பவர் என்று பெயரெடுத்தவர் வெட்டும் நாளில் ஒன்பதும் சேர்ந்து வரும். 160 கேட்டவரை வீழ்த்த எதிரணிக்கு 145 போதும் என்னும்போது அந்த 20 சின்னத் தொகை அல்ல. போக்கரில் கணக்கு இதோடு முடியும். இங்கே கடைசியாகப் போடுபவர் கேட்டவரின் சொந்தச் சோடி. அவரும் அதே பெயரைத்தான் படிக்கிறார். கையில் ஆஸும் எட்டும் இருந்தால், வெட்டவில்லை என்று நம்பி எட்டைப் போடுவார். எதிரியிடம் வென்ற 20இல் 11 சோடியிடம் போகிறது, மிஞ்சுவது 9. கள்ளச் சைகையால் சோடியை மட்டும் உஷார்ப்படுத்துவது விளையாட்டே அல்ல.

பெயரைப் பார்க்காமலே வெல்லலாமே என்று கேட்கலாம். 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற கணினி நிரல், அறுவர் ஆடும் போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது. எதிராளிக்கேற்ப அது தன் ஆட்டத்தை மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு முடிவிலும், வேறு சீட்டுகள் வந்திருந்தால் தான் என்ன செய்திருப்பேன் என்பதையும் அது கணக்கிட்டது, தன் ஆட்டத்திலிருந்து எதிராளி எளிதில் ஊகிக்க முடியாதபடி. மற்றவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறது என்பதை அது ஒதுக்கவில்லை, முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டது. மாலைதோறும் அதே மூவரோடு உட்காரும் மாணவருக்கு அந்தக் கணக்குப் பலம் இல்லை. போன ஆட்டத்தில் எந்த ஜாக்கை விட்டோம், அதை யார் பார்த்தார்கள் என்ற நினைவுதான் அவருக்கு இருக்கிறது.