வெயில் படாத மூலையில் ஒரு கீரை: காடுக் செடியின் ஒளிக் கணக்கு

மலாய்மொழிப் பாடத்தில் ‘செபெர்த்தி காடுக் நாயிக் ஜுன்ஜுங்’ என்ற பழமொழியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜுன்ஜுங் என்பது வெற்றிலைக் கொடி பற்றிப் படர்வதற்காக நடும் கொம்பு. காடுக் என்பது வெற்றிலையைப் போன்ற இலைகளுடன் தரையில் படரும் செடி. வெற்றிலைக்கு நட்ட கொம்பில் காடுக் ஏறிக்கொண்டதாம்! தகுதிக்கு மீறிய இடம் கிடைத்ததும் தலைகால் புரியாமல் ஆடுபவரைக் குறிக்கும் பழமொழி இது. ‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்’ என்று நம் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே பொருளில்தான்.

பழமொழி காடுக்கைக் கேலி செய்கிறது. ஆனால், உங்கள் வீட்டில் வெயிலே படாத ஒரு மூலை இருந்து, அங்கே எதை நட்டாலும் பிழைக்கவில்லை என்றால், நீங்கள் தேட வேண்டிய செடி இதுதான். மிளகு, திப்பிலி, வெற்றிலை ஆகியவற்றின் நெருங்கிய உறவு இது. அறிவியல் பெயர் பைப்பர் சார்மென்டோசம். தென்கிழக்காசியக் காடுகளில், பெரிய மரங்களின் கீழே, ஈரமான இலைச்சருகு மண்ணில் தானாகவே வளர்கிறது.

மிளகாய் தோற்ற இடம்

தாமான் வீட்டின் பின்புறம், அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரம் போன்ற இடங்களில் மிளகாய்ச் செடி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் செடி கிடுகிடுவென உயரும். பிறகு தண்டு மெலிந்து, இலைகள் வெளிறி, பூக்கள் உதிர்ந்துவிடும். நாம் உரம் போதவில்லை என்று நினைப்போம். உண்மையில் போதாதது ஒளி.

தாவரத்திற்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு. ஒளிச்சேர்க்கையில் உருவாகும் சர்க்கரை வரவு. இரவும் பகலும் நடக்கும் சுவாசத்தில் எரியும் சர்க்கரை செலவு. வரவும் செலவும் சமமாகும் ஒளியளவை ‘ஒளி ஈடுசெய் புள்ளி’ என்பார்கள். ஒளி அதற்கும் கீழே குறைந்தால் செடி தன் சேமிப்பைத் தின்னத் தொடங்கும். மிளகாய் போன்ற வெயில் செடிகளின் அன்றாடச் செலவு அதிகம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் வைத்தால், வெளிச்சத்தைத் தேடி உயர்வதிலேயே இருப்பதையும் செலவழித்துவிடும்.

சிக்கனமான செடி

அடர்ந்த மழைக்காட்டின் தரையை, மரங்களின் உச்சியில் விழும் ஒளியில் ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடுதான் வந்தடைகிறது. அங்கே வாழும் செடிகள் வரவைக் கூட்டவும் செலவைக் குறைக்கவும் கற்றுக்கொண்டவை.

காட்டுத்தரைச் செடிகளின் இலைகள் பொதுவாக அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். ஒரே அளவு சர்க்கரையைக் கொண்டு தடித்த சிறிய இலையும் செய்யலாம், மெல்லிய பெரிய இலையும் செய்யலாம். மெல்லிய பெரிய இலை கூடுதல் ஒளியைப் பிடிக்கும். உயிரணு அடுக்குகள் குறைவு என்பதால் சுவாசச் செலவும் குறைவு. இப்படிப்பட்ட செடியின் ஒளி ஈடுசெய் புள்ளி மிகத் தாழ்வாக இருக்கும். வெயில் செடி பட்டினி கிடக்கும் வெளிச்சத்தில் இது மிச்சம் பிடித்துவிடும்.

காட்டில் இன்னொரு வரவும் உண்டு. காற்றில் கிளைகள் அசையும்போது சில விநாடிகளோ சில நிமிடங்களோ வெயில் திட்டுகள் தரையில் விழும். காட்டுத்தரைச் செடிகள் அன்றைய உணவில் கணிசமான பங்கை இந்தச் சிறு திட்டுகளிலிருந்தே தயாரித்துக்கொள்கின்றன.

அப்படியானால் முழு வெயிலில் வைத்தால் இன்னும் நன்றாக வளருமா? இல்லை. நிழலுக்குப் பழகிய இலை கையாள முடிந்ததைவிட அதிக ஒளி விழும்போது, மிகுதி ஆற்றல் ஒளிச்சேர்க்கை அமைப்பையே பழுதாக்கும். மண்ணில் ஈரம் இருந்தால் காடுக் வெயிலிலும் சாகாது. ஆனால் இலைகள் சிறுத்து, மஞ்சள் பூத்து, தடித்துப் போகும். கீரையாக உண்ண நிழலில் வளர்ந்த இலைதான் மென்மையாக இருக்கும்.

முதலில் நிழலை அளந்து பாருங்கள்

நிழல் என்றால் இருட்டு அல்ல. வானம் தெளிவாக இருக்கும் நாளில், நண்பகலில், செடி வைக்கப் போகும் இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை விரியுங்கள். அதற்கு 30 செண்டிமீட்டர் மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் கூர்மையாக விழுந்தால் அது வெயில் இடம், மிளகாய்க்கு விட்டுவிடுங்கள். விரல்கள் மங்கலாகத் தெரிந்தால் காடுக்கிற்கு ஏற்ற இடம். நிழலே விழவில்லை என்றால் காடுக்கும் அங்கே தாக்குப்பிடிக்காது.

நடும் முறை

விதை தேவையில்லை. சந்தையில் தண்டோடு விற்கும் காடுக் கட்டு ஒன்றோ, ஏற்கெனவே வளர்ப்பவரிடமிருந்து ஒரு தண்டோ போதும். மூன்று கணுக்கள் உள்ள துண்டாக வெட்டுங்கள். மேலே ஓரிரு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். வேர் இல்லாத தண்டால் நிறைய இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. கீழ்க்கணு மண்ணுக்குள் புதையும்படி நடுங்கள். கணுவிலிருந்துதான் வேர் வரும். இரண்டு மூன்று வாரங்களில் புதுத்தளிர் தெரிந்தால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள்.

செடி பக்கவாட்டில் ஓடுவதால் ஆழமான பூச்சாடியைவிட அகலமான சாடி நல்லது. சாதாரண மண்ணோடு மக்கிய இலைச்சருகோ சமையலறைக் கழிவு உரமோ கலந்தால் காட்டுத்தரையைப் போன்ற மண் கிடைக்கும். மண் ஈரமாக இருக்க வேண்டும், நீர் தேங்கக்கூடாது. தரையில் நேரடியாக நட்டால் கணுவுக்குக் கணு வேர்விட்டு அண்டை வீட்டு வேலிவரை போய்விடும். எனவே சாடியிலேயே வளர்ப்பது நல்லது.

சாடியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தட்டே இல்லாமல் வளர்க்கலாம், அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் தட்டைக் கவிழ்த்துத் துடைக்கலாம். கீரைக்கு ஆசைப்பட்டு வீட்டுக்குள் டிங்கியை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

இதய வடிவ இலை எல்லாம் காடுக் அல்ல

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். வீட்டு அலங்காரத்திற்கு வளர்க்கும் மணிபிளாண்ட், சாக்கடையோரம் வளரும் காட்டுச் சேம்பு ஆகியவற்றுக்கும் இதய வடிவ இலைதான். அவற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. பச்சையாக மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

காடுக்கின் அடையாளங்கள் வேறு. தண்டின் கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். இலையடியிலிருந்து நரம்புகள் விசிறிபோல் பிரியும். கசக்கினால் மிளகை நினைவூட்டும் மெல்லிய மணம் வரும். பூக்கதிர் குட்டையாக, வெள்ளையாக, நிமிர்ந்து நிற்கும். வெற்றிலையோ கொம்பைப் பற்றி ஏறும். அதன் கதிர் தொங்கும். இலை தடிப்பு, காரமும் அதிகம்.

இவ்வளவு தெரிந்தும் ஐயம் இருந்தால் வாயில் வைக்காதீர்கள். சாலையோரத்திலும் புதரிலும் பறிக்காமல், விற்பவரிடமோ நன்கு தெரிந்த பெரியவரிடமோ உறுதி செய்து வாங்குங்கள். காடுக் இலையிலும் ஆக்சலேட் உண்டு என்பதால் சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்கள் அளவோடு உண்பது நல்லது.

ஒரு தண்டு, இரண்டு சாடி

தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? ஒரே தாய்ச்செடியிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். இரண்டும் மரபணுவில் ஒன்றே என்பதால் ஒப்பிடுவதற்கு மிகவும் ஏற்றவை. ஒரே அளவு சாடி, ஒரே மண். ஒன்றை நிழலிலும் மற்றதை வெயிலிலும் வைத்து, ஆறு வாரங்களுக்கு வாரம் ஒருமுறை புதிய இலையின் அகலத்தையும் நிறத்தையும் குறித்து வாருங்கள்.

ஒரு சிக்கல் வரும். வெயில் சாடி சீக்கிரம் காய்ந்துவிடும். அதை அப்படியே விட்டால், இலை சிறுத்தது ஒளியாலா வறட்சியாலா என்று சொல்ல முடியாது. இரு சாடிகளிலும் ஈரம் ஒரே அளவில் இருக்க என்ன செய்வீர்கள்? அதை யோசிப்பதும் ஆய்வின் ஒரு பகுதிதான்.

ஆய்வு முடிந்ததும் நிழல் சாடியிலிருந்து இளம் இலைகளைப் பறித்துக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, நூல்போல் நறுக்குங்கள். நாசி உலாமில் கலக்கும் இலைகளில் இதுவும் ஒன்று. பினாங்கு நோன்யா சமையலில் ஓத்தா ஓத்தாவுக்கும் இதைச் சேர்க்கிறார்கள். தாய்லாந்தில் வறுத்த தேங்காய், நிலக்கடலை, இஞ்சி ஆகியவற்றை இதில் பொதிந்து உண்கிறார்கள். வியட்நாமில் இறைச்சியைச் சுற்றிச் சுடுகிறார்கள்.

கொம்பில் ஏறி வெயிலைத் தேடுவது வெற்றிலையின் வழி. தரையில் அகல இலை விரித்து, கிடைத்த வெளிச்சத்தில் மிச்சம் பிடிப்பது காடுக்கின் வழி. இந்த வார இறுதியில் வெள்ளைத் தாளோடு உங்கள் வீட்டின் அந்த மூலைக்குப் போய்ப் பாருங்கள், மாணவர்களே. விரல்கள் மங்கலாகத் தெரிந்தால், அடுத்த முறை சந்தைக்குப் போகும் அம்மாவிடம் ஒரு கட்டு காடுக் கேளுங்கள்.