மண்ணைக் காக்கும் முள்கிளுவை

காங்கேயம், மூலனூர் வட்டாரத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். காங்கேயம் மாடுகள் காலங்காலமாக மேய்ந்து வளரும் இடம் அது. அதைச் சுற்றி வேலியாக ஆள் உயரத்துக்கு நெருங்கி நிற்கும் புதர்தான் முள்கிளுவை. தாவரவியல் பெயர் காமிபோரா பெர்ரியி. வெள்ளைப்போளம் தரும் மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. கிளுவை இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு விளங்கும்.

கிளையொன்றை அருகில் போய்ப் பாருங்கள். மேல்தோல் காகிதம்போல் உரிந்திருக்கும். அதற்கடியில் பச்சை தெரியும். முள் என்று தனியாக எதுவும் முளைப்பதில்லை. கிளையின் நுனியே கூர்ந்து முள்ளாகிவிடுகிறது. எனவே கவாத்து செய்யச் செய்யப் புதுக் கிளைகள் வெடித்து, அத்தனை முள்ளும் கூடும். வெட்டுப்பட்ட வேலிதான் இறுக்கமான வேலி.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தக் காய்ந்த மண்ணை வாரிக்கொண்டு போகும். குறுக்கே சுவர் எழுப்பினால் காற்று மேலேறித் தாண்டி, மறுபுறம் சுழன்றடிக்கும். கிளுவை அப்படியல்ல. இண்டு இடுக்குகளில் காற்றைக் கொஞ்சம் விட்டு, வேகத்தை மட்டும் குறைக்கிறது. இத்தகைய உயிர்வேலி தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். ஆறடி வேலிக்கு அறுபதடி நிலத்தில் காற்று அடங்கும். மழைநீர் ஓடும்போதும் அப்படித்தான்: அடித்தண்டுகளில் மோதி வேகம் குறைந்த நீர், சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்குகிறது. நாளடைவில் வேலியடியில் தானாக ஒரு வரப்பு உயரும்.

வேலிக்குள் இன்னொரு ஊரே இருக்கிறது. கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் அதன்மேல் படர்கின்றன. முள்ளுக்குள் கூடுகட்டும் சிட்டுகள், அடியில் பதுங்கும் கவுதாரி, ஓணான், கீரி எல்லாம் காட்டுக்குக் காடு போய்வரும் தடம் இதுதான். கம்பி வேலிக்காக இதைத் தோண்டியெறியும்போது அத்தனையும் வீடிழக்கின்றன, மண்ணும் பிடிப்பிழக்கிறது.

கிளுவையை வளர்க்க நாற்றங்கால் வேண்டாம். முற்றிய கிளையைப் போத்தாக வெட்டி மழைக்காலத்தை ஒட்டி நட்டால் வேர்பிடிக்கும். உங்கள் நிலத்து வேலியில் இடைவெளி இருந்தால், கம்பி வாங்கப் போகுமுன் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு கட்டுப் போத்து கேட்டுப் பாருங்கள்.