பிழையைப் பிடிக்கும் கருவியே பொய் சொன்னால்? லினக்ஸின் ‘எஸ்ட்ரேஸ்’ திருத்தப்பட்டது எப்படி?

சர்வரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் திடீரென நின்றுவிடுகிறது. திரையில் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று ஒரே ஒரு வரி. எந்த ஃபைல், எந்த அனுமதி, எந்த இணைப்பு என்று ஒன்றும் தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் லினக்ஸ் இன்ஜினியர்கள் பலர் கையில் எடுக்கும் கமாண்ட் லைன் கருவிதான் ‘எஸ்ட்ரேஸ்’.

சரி, பிழையைக் காட்ட வேண்டிய அந்தக் கருவியே தப்பாகக் காட்டினால் என்ன ஆகும்? அப்படியும் நடந்திருக்கிறது. ஏன் நடந்தது, எப்படிச் சரிசெய்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

எஸ்ட்ரேஸ் என்ன செய்கிறது?

ஒரு புரோகிராம் நினைத்தவுடன் ஹார்டு டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ தானே தொட்டுவிட முடியாது. ஃபைலைத் திறக்க வேண்டுமா, எழுத வேண்டுமா, இணைப்பு வேண்டுமா, எல்லாவற்றையும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். இந்தக் கோரிக்கைக்குப் பெயர் ‘சிஸ்டம் கால்’. லினக்ஸில் இப்படி 300-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

அரசு அலுவலக கவுன்டர் மாதிரி யோசித்துப் பாருங்கள். உள்ளே போய் நாமே ஃபைலை எடுக்க முடியாது, கவுன்டரில்தான் கேட்கணும். எஸ்ட்ரேஸ் அந்த கவுன்டருக்குப் பக்கத்தில் நோட்டும் கையுமாக நின்று, புரோகிராம் என்ன கேட்டது, கெர்னல் என்ன பதில் சொன்னது என்று ஒவ்வொன்றையும் வரிவரியாக எழுதிக் காட்டுகிறது.

புரோகிராமின் மூலநிரல் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ‘செட்டிங்ஸ் ஃபைலைத் திறக்கக் கேட்டது, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று பதில் வந்தது’ என்பது அந்த வரிகளில் தெரிந்துவிடும். மணிக்கணக்கில் தேட வேண்டிய காரணம் சில நிமிடங்களில் சிக்கிவிடும்.

எப்போது வந்தது?

1991-ல் பால் கிரானன்பர்க் என்பவர் சன்ஓஎஸ் இயங்குதளத்துக்காக இதை எழுதினார். பிறகு லினக்ஸுக்குக் கொண்டுவரப்பட்டது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. பல ஆண்டுகளாக டிமித்ரி லெவின் இதன் பராமரிப்பைக் கவனித்து வருகிறார்.

தப்பு எங்கே நடந்தது?

எஸ்ட்ரேஸ் தானாக எதையும் பார்ப்பதில்லை. கெர்னலில் உள்ள ‘பிடிரேஸ்’ என்ற வசதி சொல்வதை வைத்துத்தான் எழுதுகிறது. அந்த வசதி அரைகுறையாகச் சொன்ன இடங்களில் எஸ்ட்ரேஸ் ஊகிக்க வேண்டியிருந்தது. சிக்கல் அங்கேதான். முக்கியமானவை மூன்று.

முதலாவது, எண் குழப்பம். இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்களில் ஓடும் 64 பிட் லினக்ஸில் சிஸ்டம் கால்களுக்கு இரண்டு எண் பட்டியல்கள் இருக்கின்றன. பழைய 32 பிட் பட்டியலில் 4 என்றால் ‘எழுது’. 64 பிட் பட்டியலில் அதே 4 என்றால் ‘ஃபைலின் விவரம் சொல்’. 64 பிட் புரோகிராம் ஒன்று பழைய வழியிலும் கெர்னலைக் கூப்பிட முடியும். ஆனால் எஸ்ட்ரேஸ், புரோகிராம் 64 பிட்டில் ஓடுகிறதா என்பதை மட்டும் பார்த்துப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தது. விளைவு? புரோகிராம் உண்மையில் எழுதிக்கொண்டிருக்கும், திரையில் ‘விவரம் கேட்கிறது’ என்று வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. சந்தேகத்துக்குரிய புரோகிராம் என்ன செய்கிறது என்று பார்க்கவும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏமாற்ற நினைப்பவருக்கு இது ஒளிந்துகொள்ள ஓர் இடம்.

இரண்டாவது, உள்ளே போவதா, வெளியே வருவதா என்ற குழப்பம். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் புரோகிராம் இரண்டு முறை நிறுத்தப்படுகிறது. கேட்கும்போது ஒரு முறை, பதில் வரும்போது ஒரு முறை. இரண்டு நிறுத்தமும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தன. ‘ஒன்று உள்ளே, அடுத்தது வெளியே’ என்று எஸ்ட்ரேஸ் தானே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கணக்கு ஒரு முறை பிசகினால், அதற்குப் பின் கேள்வியும் பதிலும் இடம் மாறிவிடும்.

மூன்றாவது, கவனிப்பதாலேயே வந்த பிரச்சினை. ஒரு புரோகிராமைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க லினக்ஸில் சிக்னல் உண்டு. எஸ்ட்ரேஸ் கவனித்துக்கொண்டிருந்தால், நிறுத்தச் சொன்ன புரோகிராம் நின்ற இடத்தில் நிற்காமல் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். கருவியை எடுத்தால் ஒரு மாதிரி, வைத்தால் வேறு மாதிரி நடந்துகொள்ளும் புரோகிராமில் பிழையைத் தேடுவது எப்படி?

எப்படிச் சரிசெய்தார்கள்?

இந்த மூன்றையும் எஸ்ட்ரேஸின் நிரலை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியாது. தகவல் கெர்னலிடம் இருந்து வர வேண்டும். அதனால் கெர்னலிலேயே மாற்றம் தேவைப்பட்டது.

2012-ல் வந்த லினக்ஸ் 3.4 பதிப்பில் பிடிரேஸுக்கு ‘சீஸ்’ என்ற புதிய முறை சேர்க்கப்பட்டது. அதன் மூலம், நிறுத்தச் சொன்ன புரோகிராமை நின்ற நிலையிலேயே விட்டுவைத்துக் கவனிக்க முடிந்தது. மூன்றாவது சிக்கல் தீர்ந்தது.

மற்ற இரண்டுக்கும் விடை வர 2019 ஆனது. லினக்ஸ் 5.3 பதிப்பில், சிஸ்டம் கால் பற்றிய முழு விவரத்தையும் கெர்னலே எடுத்துத் தரும் வசதி வந்தது. இது எந்தப் பட்டியலின் எண், உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைக் கெர்னலில் சேர்க்க உழைத்தவர்களில் எஸ்ட்ரேஸ் குழுவினரும் உண்டு. அந்த வசதி உள்ள கெர்னலில் எஸ்ட்ரேஸ் இப்போது இந்த இரண்டையும் ஊகிப்பதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

திருத்தியது மறுபடி கெடாமல் இருக்க?

அதற்கென்றே பெரிய சோதனைத் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு சோதனையும் ஒரு குட்டி புரோகிராம். அது ஒரு சிஸ்டம் காலைச் செய்துவிட்டு, ‘எஸ்ட்ரேஸ் இப்படித்தான் எழுத வேண்டும்’ என்று எதிர்பார்க்கும் வரியையும் தானே அச்சிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓர் எழுத்து மாறினாலும் சோதனை தோல்வி. கருவியில் எதை மாற்றினாலும் இந்தச் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும்.

இன்னொரு வேலையும் ஓய்வதில்லை. கெர்னலின் புதுப் பதிப்புகளில் புதுப்புது சிஸ்டம் கால்கள் வந்துகொண்டே இருக்கும். பழைய எஸ்ட்ரேஸுக்கு அவை தெரியாது, பெயருக்குப் பதில் வெறும் எண்ணைத்தான் காட்டும். அதனால் கெர்னல் வெளியீட்டை ஒட்டியே எஸ்ட்ரேஸின் புதுப் பதிப்பும் வெளியாகிறது.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

* ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் இரண்டு முறை நிறுத்துவதால் புரோகிராம் வேகம் குறையும். மக்கள் பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் யோசிக்காமல் ஓட்டக் கூடாது. தேவையான சிஸ்டம் கால்களில் மட்டும் நிறுத்தும் வசதி 2019 முதல் இருக்கிறது. அது சுமையைக் குறைக்கும்.

* புரோகிராம் படிப்பதும் எழுதுவதும் எஸ்ட்ரேஸ் தரும் வரிகளில் தெரியும். வழக்கமாக முதல் 32 எழுத்துகள் வரை காட்டும். ஒரு பாஸ்வேர்டு வெளியே தெரிய அதுவே தாராளம். உதவி கேட்டு அந்த வரிகளை மற்றவருக்கு அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

* கெர்னல், எஸ்ட்ரேஸ் இரண்டையும் புதுப்பித்து வைத்திருங்கள். மேலே சொன்ன திருத்தங்கள் கிடைக்க இரண்டுமே புதிதாக இருக்க வேண்டும்.

* திரையில் வரும் விவரம் நம்ப முடியாததாக இருந்தால், ‘கருவி தப்பு சொல்லாது’ என்று விட்டுவிட வேண்டாம். பதிப்பு எண்ணோடும், பிழையை மறுபடி வரவழைக்கும் சிறிய உதாரணத்தோடும் திட்டக் குழுவுக்குத் தெரிவிக்கலாம். அந்த உதாரணமே நாளை ஒரு சோதனையாகச் சேர்ந்து, அதே பிழை மறுபடி தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ளும்.