வேலியோரப் பொன்னரளி

கோவண்டியில் சிறிது மண்ணும் நல்ல வெயிலும் வாய்த்தோர் எளிதில் வளர்க்கத்தக்க செடி பொன்னரளி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். ஒடுங்கிய இலைகள் ஆண்டு முழுதும் பசுமை மாறா. புனல் வடிவான மஞ்சள் மலர்களை நம்மவர் சிவபூசைக்குப் பறிப்பர்.

விதையிட்டும் வளர்க்கலாம், முற்றிய கிளையை நட்டும் வளர்க்கலாம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை பெய்வதால், வேரில் நீர் தேங்காவண்ணம் மண்ணை மேடாக அணைத்தல் வேண்டும். வேரூன்றியபின் வறட்சியையும் தாங்கும். கிளைகளைக் கத்தரித்துவந்தால் அடர்ந்து வேலியாகும். ஆடுமாடுகளும் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை.

அதற்குக் காரணம் நஞ்சு. பால், இலை, மலர், காய் யாவற்றிலும் அது உண்டு, விதையில் மிகுதி. அதிலுள்ள தெவெட்டின் முதலிய பொருள்கள் இதயத் துடிப்பைக் குலைப்பன. பச்சை நிறத்து உருண்டைக் காயோ, சிறுவரை விளையாட அழைப்பது போலத் தோன்றும். ஆதலின், பிள்ளைகள் கூடும் முற்றத்தில் இதனை நடாதீர். காய்களைப் பிஞ்சிலேயே பறித்து அகற்றுக. கத்தரித்தபின் கைகளைக் கழுவுக. குழந்தை விதையைக் கடித்துவிடின், கைமருந்து தேடாது உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. எஞ்சிய காயையும் மருத்துவரிடம் காட்டுக.